புள்ளியியலுக்கு அஞ்ச வேண்டுமா?

கேள்வி: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி (இரண்டாண்டுப் படிப்புகளை வழங்கும் கல்லூரி) ஒன்றில் அறிமுகப் புள்ளியியல் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். கணக்கை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்னால் சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். இதற்கு நுண்கணிதம் தேவையில்லை. பள்ளி இயற்கணிதமும் ஒரு கால்குலேட்டரும் பெரும்பாலும் போதும். சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) ஆகியவை எளிதாகவே கடந்துவிடும். பலரும் தடுமாறுவது கருதுகோள் சோதனையில்தான் (ஓர் அனுமானத்தைத் தரவுகளைக் கொண்டு சோதிப்பது): பி-மதிப்பு 0.03 என்றால், இன்மைக் கருதுகோள் (‘வேறுபாடோ விளைவோ எதுவும் இல்லை’ என்ற தொடக்க அனுமானம்) உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பே உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், அக்கருதுகோள் சரியென்று வைத்துக்கொண்டால், அதன் எதிர்பார்ப்பிலிருந்து நமக்குக் கிடைத்த அளவோ அதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு தற்செயலாகக் கிடைப்பதற்கான வாய்ப்பையே அந்த எண் குறிக்கிறது. (சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்களும் சறுக்கும் இடம் இது.) பின்னர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணமிருந்தால், இப்பாடத்தின் கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான மதிப்பு அலகு) அங்கே ஏற்கப்படுமா என்று கல்வி ஆலோசகரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.