பதிவேட்டில் இல்லாத இரவு

கடிதம்

வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவள். ஏஜென்சி ஒன்று மூலமாக உவர்மலையில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். மாலை ஆறிலிருந்து காலை ஆறு என்றுதான் பேச்சு. பகல் ஆள் வராத நாளில் மத்தியானம் வரைக்கும் நிற்க வேண்டும். போன மாதம் லேபர் ஒபிஸிலிருந்து ஏஜென்சிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். எங்களுக்கு ஒன்றும் மாறவில்லை. வேலை நடக்கிற வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்களா? பெயர் போட வேண்டாம்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டுக்குள் வருவது அரிது. கடை, அலுவலகம் என்றால் தொழில் உத்தியோகத்தர் நேரே போய்ப் பதிவேட்டைக் கேட்கலாம். ஒருவர் குடியிருக்கும் வீட்டில் அது எளிதல்ல. வீட்டு வேலையாட்களுக்கென்று 1871இல் வந்த கட்டளைச் சட்டம் அவர்களைப் பதியச் சொன்னதே பொலிஸில்தான். அந்தப் பார்வை இன்னும் முழுதாகக் கலையவில்லை.

ஆகவே சோதனை நடப்பது ஏஜென்சியின் மேசையில். அங்கே உங்கள் இரவு எப்படி எழுதப்படும் தெரியுமா? "மாலை 6 – காலை 6, இரவு 10 முதல் 2 வரை ஓய்வு." பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. நாள் கணக்கு அழகாகப் பொருந்திவிடும். மத்தியானம் வரை நின்றது எங்கேயும் இருக்காது. வந்தவர் பார்த்தது இந்தத் தாளைத்தான்.

இதை உடைக்க உங்களிடம் ஒரு கொப்பி வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் அல்லவா? அப்படியென்றால் அந்த "ஓய்வு" நேரத்துக்குள்ளேயே இரண்டு தரமாவது எழும்பியிருப்பீர்கள். எழுதுங்கள்: "12.05 இடப்பக்கம் புரட்டினேன். 1.20 டயப்பர். 2.00 வலப்பக்கம். பகல் ஆள் வரவில்லை, மத்தியானம் 12.40க்கு வெளிக்கிட்டேன்." அன்றன்றைக்கே, மை பேனையால். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பகல் ஆள் வராததை ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்; நேரம் தானாக விழும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது? ஏஜென்சி ஆளைக் காட்டிவிட்டு, கொமிசனை வாங்கிக்கொண்டு ஒதுங்கி, மாதாமாதம் வீட்டுக்காரரே தந்தால் நீங்கள் வீட்டுப் பணியாளர். ஊழியர் சேமலாப நிதி (EPF), ஊழியர் நம்பிக்கை நிதி (ETF), பணிக்கொடை மூன்றும் உங்களைத் தொடா. வீட்டுக்காரர் ஏஜென்சிக்குக் கட்டி, ஏஜென்சி உங்களுக்குச் சம்பளம் தந்து, எந்த வீடு என்று அதுவே தீர்மானித்தால், முதலாளி ஏஜென்சிதான் என்று நீங்கள் வாதாடலாம். சேரும்போது "சுயதொழில் செய்பவர்" என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கியிருந்தாலும் தளர வேண்டாம். வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதுதான் பேசும்.

சோதனையால் பெரும்பாலும் முதலில் அசைவது சேமலாப நிதி. 40,000 ரூபா சம்பளமென்றால் உங்களிடம் வெட்டுவது 8 வீதம், 3,200. ஏஜென்சி போட வேண்டியது 12 வீதம், 4,800. நம்பிக்கை நிதி 3 வீதம், 1,200. அதை உங்களிடம் வெட்டக்கூடாது. 3,200ஐ வெட்டிவிட்டுக் கட்டாமல் விடுவது பழைய வித்தை. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரை போகும். அதனால் இதற்குப் பயப்படுவார்கள். நேரக் கணக்குக்கு அவ்வளவு பயமில்லை, ஏனென்றால் அதற்கு ஆதாரம் உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும்.

திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், கொப்பி, ஏஜென்சி தந்த எந்தத் துண்டும். முறைப்பாட்டில் "சரியாக நடத்துவதில்லை" என்று எழுதாதீர்கள்; எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் என்று எழுதுங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். முறைப்பாடு தந்தவர் யாரென்று உத்தியோகத்தர் சொல்லக்கூடாது. ஆனால் உவர்மலை வீட்டுக்கு இரவில் போவது நீங்கள் ஒருவர்தான் என்றால் திகதியே காட்டிக் கொடுத்துவிடும். அதே ஏஜென்சியில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். கொப்பியைக் கொடுக்க முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள்.