ஒட்டிய மூடி

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. மின்சாரம் போன இரவுகளில் பாட்டி சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார் என்று ஒரு கைவிளக்கு செய்து அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய லேப்டாப் பேட்டரியிலிருந்து ஒரு செல், உடைந்த எமர்ஜென்சி விளக்கின் எட்டு எல்.இ.டி.கள், ஓர் ஊறுகாய் டப்பா, அவ்வளவுதான். பழைய செல்பேசி சார்ஜரின் வயரை நேராகச் செல்லில் இணைத்துச் சார்ஜ் ஏற்றுகிறேன். கடையில் வாங்கியதுபோல் தெரியவேண்டும் என்று மூடியை எபாக்சி பசை வைத்து ஒட்டிவிட்டேன். முதலில் ஃபியூஸ் போன 9 வாட் பல்பின் எல்.இ.டி. தட்டைத்தான் பொருத்திப் பார்த்தேன். எரியவே இல்லை. ஏன்? இதைப் பத்துப் பதினைந்து செய்து விற்கலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பல்பின் தட்டில் மஞ்சளாகத் தெரிகிற ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் பெரும்பாலும் ஒளிவிடும் சிறு டயோடுகள் பல தொடராக இருக்கும். பொட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஒரு பொட்டில் கரும்புள்ளி விழுந்தாலும் மொத்தப் பல்பும் அணைந்துவிடுகிறது. மீதிப் பொட்டுகள் நன்றாகவே இருக்கும், ஆனால் உங்கள் செல்லின் 3.7 வோல்ட் அவற்றுக்குப் போதாது. எமர்ஜென்சி விளக்கின் எல்.இ.டி.களுக்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு 56 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வையுங்கள், நீண்ட நாள் உழைக்கும்.

ஆனால் அந்தச் சார்ஜர் விஷயத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. 4.2 வோல்ட்டில் நிறுத்தியாக வேண்டிய லித்தியம் செல்லுக்கு 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கிறீர்கள். எல்லை மீறினால் செல் கொதிக்கும், தீப்பிடிக்கும். அதைப் பாட்டியின் தலைமாட்டில் வைத்திருக்கிறீர்கள்! படிக்கிற பிள்ளை செய்கிற காரியமா இது? ரிச்சி தெருவில் டிபி4056 என்று கேளுங்கள், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சார்ஜிங் போர்டு கொடுப்பார்கள். செல் நிரம்பியதும் அதுவே நிறுத்திவிடும். பழைய இணைப்பை இன்றே கழற்றிவிடுங்கள்.

கழற்றுங்கள் என்று எழுதிவிட்டேன். எப்படிக் கழற்றுவீர்கள்? ஒட்டிவிட்டீர்களே.

சில மாதங்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். இன்று வீட்டுக்கு வருகிற பொருள்கள் பலவற்றுக்குத் திருகாணியே கிடையாது. உள்ளே ஒரு வயர் விட்டுப்போனாலும் மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டியதுதான். நீங்கள் அப்படி எறிந்த இரண்டு பொருள்களைத் திறந்து, நல்லதைப் பிரித்தெடுத்து, மூன்றாவதாக ஒன்றைச் செய்தீர்கள். பிறகு அதையும் திறக்க முடியாதபடி மூடிவிட்டீர்கள். கடைச் சரக்குபோல் தெரியவேண்டும் என்பதற்காக! காயலான் கடைப் பொருளில் செய்தோம் என்பதில் என்ன வெட்கம்? செல் சூடாகிறதா, கசிகிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட வழி வைக்கவில்லை நீங்கள்.

என் அப்பா புரசைவாக்கத்தில் ரேடியோ பழுதுபார்த்தவர். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பின்மூடியின் உட்புறம் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். அது கிழிந்துபோய் வந்த ரேடியோவாக இருந்தால், வேலை முடிந்ததும் அப்பா தாமே பென்சிலால் ஒரு படம் வரைந்து சோற்றுப் பசையால் உள்ளே ஒட்டி, அதற்குப் பிறகுதான் மூடுவார். அவர் கடையில் பசைக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். "இதைப் பார்த்து வேறொருவர் சரிசெய்துவிட்டால் நமக்கு வேலை போய்விடுமே" என்று ஒருநாள் கேட்டேன். "அவன் தேடித் தவிக்க வேண்டாமே" என்றார்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் செய்து வைத்துவிட்டுப் போன எல்.இ.டி. விளக்கு ஒன்றுதான் துணை. மூன்றாம் இரவு அதுவும் அணைந்தது. எனக்குச் சர்க்யூட் எதுவும் தெரியாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில், காய் நறுக்கும் கத்தியின் முனையால் நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். மூடியின் உள்ளே அவருடைய கையெழுத்து. சிவப்பு வயர் எங்கே போகிறது, கறுப்பு எங்கே, செல் மாற்றிய தேதி என்ன, எல்லாம் இருந்தது. சிவப்பு வயர் பற்று விட்டிருந்தது. படத்தைப் பார்த்து முறுக்கி, டேப் சுற்றினேன். எரிந்தது. என் மனைவி விளக்கைப் பார்க்கவில்லை, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகவே தம்பி, அந்த மூடியை எடுத்துவிடுங்கள். வேறு டப்பா பாருங்கள், நான்கு திருகாணி போடுங்கள், படம் வரைந்து உள்ளே வையுங்கள். பழைய டப்பாவை வெட்டும்முன் விளக்கைத் தானாக அணையும்வரை எரியவிட்டுச் சார்ஜைத் தீர்த்துவிடுங்கள். செல் இருக்கும் பக்கம் பிளேடு படவே கூடாது, எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். இத்தனை நாள் அப்படிச் சார்ஜ் ஏறிய செல்லை மறுபடி பயன்படுத்த வேண்டாம், வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிக்கு என் வணக்கம்.