கொரோனா தடுப்பூசிக்காகக் காத்திருந்த நாட்களில் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?

ஒரே ஊசியின் மேல் ஆசையும் சந்தேகமும் சேர்ந்தே இருந்தன. சுருக்கமான பதில் இதுதான். விரிவாகச் சொல்வதென்றால், 2021-ல் நான் கர்ப்பமாக இருந்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. வீட்டில் நான், என் கணவர், அத்தை, மாமா. கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கொரோனா வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடக் கடையை அடைக்க முடியாத தொழில். காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிற அத்தனை பேரும் முதலில் அவர் முகத்துக்கு நேரேதான் இருமுவார்கள். மாமாவுக்கு அப்போது வயது 68. அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை.

ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி போடத் தொடங்கியதை டிவியில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அப்பாடா, வந்துவிட்டது என்று இருந்தது. மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும், 45 தாண்டிய சர்க்கரை, இதய நோயாளிகளுக்கும் என்றார்கள். ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லோருக்கும். ஆக, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவரும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இருவருக்கும் விருப்பம் இல்லை. எனக்கு விருப்பம் இருந்தது, அனுமதி இல்லை.

அப்போதைய விதிப்படி கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. அவர்களுக்கு இந்த ஊசி ஆகாது என்று யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஆரம்பச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை, அதனால் ஆகும் என்று சொல்லவும் கையில் தரவு இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கேட்கிறவர்கள் காதில் 'கர்ப்பிணிக்கு ஆகாது' என்றுதான் விழுந்தது. அந்த மாதமும் பரிசோதனைக்குப் போனபோது கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா எனக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டுவிட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. கர்ப்பமானால் அது போடுவார்கள், எங்கள் அம்மா காலத்திலும் போட்டார்கள். பழகிய ஊசிக்கு ஒரு நியாயம், புதிய ஊசிக்கு ஒரு நியாயம்.

ஏப்ரல் நடுவில் ஒரே வாரத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து கோவாக்சின் போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலையில் இறந்துவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஊர் ஊராக மரம் நட்டவர். எங்கள் பக்கம் அவரை நடிகர் என்பதைவிட நம்ம ஊர்ப் பிள்ளை என்றுதான் பேசுவோம். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். யார் காதில் ஏறும்? "நல்லா இருந்த மனுசன்லா, ஊசி போட்ட மறுநாளே சாஞ்சிட்டாரே" என்று அத்தை சொன்னதைத்தான் அன்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுவில், 16-ஆம் தேதி, பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கும் அவரவர் வயது முறை வரும்போது ஃபைசர் அல்லது மாடர்னா போடலாம் என்று அறிவித்தார்கள். லண்டனில் இருக்கும் என் சித்தி மகளும் அப்போது கர்ப்பிணி. அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு 'ரொம்ப சந்தோஷம்டீ' என்று பதில் போட்டேன். சந்தோஷம்தான், பொய் இல்லை. ஆனால் போனைக் கீழே வைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. அவள் வயிற்றில் இருப்பதும் பிள்ளைதான், என் வயிற்றில் இருப்பதும் பிள்ளைதான். அவளுக்குத் தேதி இருக்கிறது, எனக்கு இல்லை. கூடப் பிறந்தவள் மாதிரி வளர்ந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யாராவது சட்டைக் கையை மடித்துவிட்டு, பஞ்சு வைத்த தோளைக் காட்டிப் படம் போட்டால்கூடச் சட்டென்று தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.

மே மாதத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. தமிழ்நாட்டில் 21-ஆம் தேதி ஒரே நாளில் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கம் போகும் ஆம்புலன்ஸ் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். கர்ப்பிணிகள் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டால், மாமா அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிடுவார். பக்கம் குறைவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

18 வயது தாண்டிய எல்லோருக்கும் மே 1 முதல் என்று அறிவித்திருந்தார்கள். ஊசி இருந்தால்தானே போட முடியும்? தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு மே 20 அன்றுதான் திருப்பூரில் தொடங்கினார்கள். மருந்துக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பால், பேப்பர் போடுகிறவர்களுக்கெல்லாம் முன்னுரிமை கொடுத்ததில் என் கணவருக்கு முதல் ஊசி கிடைத்தது. அவர் போட்டுவிட்டு வந்த அன்று எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. இன்னொரு பாதி என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இனி இந்த வீட்டில் பாதுகாப்பே இல்லாமல் இருக்கப்போவது நானும் பிள்ளையும்தான் என்று தோன்றியது. பெரியவர்கள் போடாமல் இருந்தது அவர்கள் முடிவு. எங்கள் விஷயத்தில் யாரோ எங்கேயோ முடிவெடுத்துவிட்டார்கள்.

கோபமும் இருந்தது. தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது. கிண்டியில், ஒரு காலத்தில் தடுப்பூசி தயாரித்த கிங் நிறுவனம் அதற்கும் முன்னால் வந்தது. செங்கல்பட்டில் தடுப்பூசி தயாரிக்கவென்றே நூறு ஏக்கரில் கட்டிய வளாகம் ஒரு ஊசிகூடத் தயாரிக்காமல் நின்றது. மே கடைசியில் முதலமைச்சர் அங்கே போய்ப் பார்த்த செய்தி வந்தபோதுதான் நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும். இவ்வளவு இருக்கிற மாநிலத்தில் ஜூன் தொடக்கத்தில் இருப்பு தீர்ந்து முகாம்களை நிறுத்தினார்கள். சும்மா கிடந்த கட்டடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அத்தை கதைக்கு வருகிறேன். சர்க்கரை இருக்கிறது, வயதும் ஆகிறது, அவர்களுக்குத்தான் முதலில் தேவை என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கணவர் சத்தம் போட்டும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அவர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் செய்தி வந்தால் யாருக்கும்தான் குழப்பம் வரும். கோவிஷீல்டு இரண்டாவது ஊசியை முதலில் 4 முதல் 6 வாரத்தில் போட வேண்டும் என்றார்கள். மார்ச்சில் அதை 8 வாரம் வரை நீட்டினார்கள். மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்று மாற்றினார்கள். இடைவெளி கூடினால் எதிர்ப்பு சக்தி நன்றாக வரும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வு இருந்தது உண்மை. "மருந்து இல்லாததால தள்ளிப் போடுதாங்களோ?" என்று அத்தை கேட்டபோது, இல்லை என்று அடித்துச் சொல்ல என்னாலும் முடியவில்லை.

கடைசியில் அவர்களை மாற்றியது எங்கள் பேச்சு இல்லை. தென்காசியில் இருக்கும் என் அம்மா முன்பே போட்டுவிட்டார். தலைப்பிரசவம், நான் அங்கேதான் போக வேண்டும். ஜூன் நடுவில் ஒரு நாள் காலையில் அத்தை குளித்துக் கிளம்பி நின்றார்கள். "உங்க அம்மா ஊசி போட்டுக்கிட்டு பிள்ளையைத் தூக்குவா. நான் போடாம வந்து வாசல்ல நின்னா, சம்பந்தியம்மா மனசுல என்ன நினைப்பா? வா போவோம்" என்று மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். வந்ததும் வழக்கம்போல அரிசி களைந்து உலை வைத்தார்கள். நான்தான் ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அத்தனை நாள் 'பயமில்லை, போடுங்க' என்று அவர்களுக்குச் சொன்னவளும் நான்தான்.

ஜூலை 2 அன்று கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. எனக்கு அப்போது ஏழாவது மாதம். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். கிடைக்காதவரை அது எனக்குத் தர வேண்டியதைத் தராமல் வைத்திருக்கிறார்கள் என்ற கோபம் மட்டும்தான் இருந்தது. கிடைக்கும் என்றதும் முடிவு என் கைக்கு வந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் விதியைச் சொல்ல முடியாது, அரசாங்கத்தைச் சொல்ல முடியாது, நான் கை நீட்டித்தான் போட்டுக்கொண்டேன் என்றாகிவிடும். அரசாங்கம் வெளியிட்ட குறிப்பில், லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேரில் ஒருவருக்கு 20 நாளுக்குள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வரலாம் என்று இருந்தது. மற்ற நாளில் படித்தால் எவ்வளவு அபூர்வம் என்று நிம்மதியாக இருந்திருக்கும். அன்று அந்த 'ஒருவர்' மட்டும்தான் கண்ணில் பட்டது.

மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அன்று இருந்தது கோவாக்சின், விவேக் போட்டுக்கொண்ட அதே ஊசி. கூட வந்த அத்தை என் கையைப் பிடித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், "மேடம், வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" அவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. முகக்கவசத்துக்கு மேலே கண்ணெல்லாம் அசதி. "இது செத்துப்போன வைரஸ்ம்மா. உடம்புக்குள்ள போய்ப் பெருகாது. நாய்க்கடி ஊசியும் இப்படித்தான், பழைய முறை. கர்ப்பிணியை நாய் கடிச்சா ஊசி போடாம அனுப்புவோமா?" என்றார். இந்த ஒரு கேள்வியை ஏப்ரலிலேயே யாராவது என்னிடம் கேட்டிருக்கலாம் என்று பட்டது. அவ்வளவு நாள் படித்த கட்டுரைகள் எதுவும் செய்யாததை அது செய்தது.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணையும் ஆதாரையும் பதிந்துகொண்டு இடது கையில் போட்டார்கள். அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். ஒரு கை வயிற்றின் மேலேயே இருந்தது. பிள்ளை உதைத்தால் நிம்மதி, கொஞ்சம் பலமாக உதைத்தால் அதற்கும் பயம். பக்கத்து நாற்காலியில், சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், "அக்கா, போட்டாச்சா? ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணலை, கைதான் கொஞ்சம் கடுக்கு" என்றேன். அவள் எழுந்து போய் வரிசையில் நின்றாள்.

அன்று சாயங்காலம் லேசான காய்ச்சல், ஒரு பாராசிட்டமால், மறுநாள் சரியாகிவிட்டது. ஆகஸ்டில் இரண்டாவது ஊசியும் போட்டு முடித்தேன். செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுக்கப் பெரிய முகாம் நடத்தினார்களே, ஒரே நாளில் 28 லட்சம் பேருக்குப் போட்டார்கள், அதில் அத்தையும் மாமாவும் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டார்கள். அத்தை தெருவிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்டோபரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே மாதம்தான், விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று தேசிய ஆய்வுக் குழு முடிவு சொன்ன செய்தியும் வந்தது. நான் போனில் வாசித்துக் காட்டினேன். அத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "இதைச் சொல்ல ஆறு மாசமா ஆகும்?" என்றார்கள்.