ஸ்டிக்கர் போன சிப்

கேள்வி: ஐயா, எங்கள் பாலிடெக்னிக் லேப்பில் பழைய 8085 மைக்ரோபிராசஸர் டிரெயினர் கிட்டுகளைக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். உள்ளே 2764 என்று ஒரு ஈப்ராம் மெமரி சிப். நடுவில் கண்ணாடி ஜன்னல், ஸ்டிக்கர் இல்லை. கிட் சில நாள் ஓடுகிறது, சில நாள் அரைகுறை எழுத்தோடு நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் மானிட்டர் புரோகிராமை, அதாவது கிட்டின் கீபோர்டையும் டிஸ்ப்ளேயையும் இயக்கும் புரோகிராமை, எடுத்துப் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
- இரண்டாமாண்டு மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, முதலில் எழுந்துபோய் அந்த ஜன்னல்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள். புற ஊதாக் கதிரால் அழிப்பதற்கென்றே வைத்த ஜன்னல் அது. இந்த வகைச் சிப் அழிய நேர்வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம், ட்யூப்லைட் வெளிச்சத்தில் 3 வருஷம் போதும் என்று இன்டெல் டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது.

பிறகு சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியில் வைத்து 'ரீட்' மட்டும் கொடுங்கள். 8192 பைட் வரும். ஐந்து தடவை படித்து, ஐந்து ஃபைலையும் ஒப்பிடுங்கள். சர்வீஸ் பெஞ்சில் இருந்த காலத்தில், ஒரு எடைமேடை இண்டிகேட்டரின் சிப்பை ஒரே தடவை படித்துவிட்டு, அதையே அழித்துத் திரும்ப எழுதினேன். படித்ததில் ஒரு பிட் தப்பு. மூலமும் போயிற்று. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

ஒரே பிட் ஒரு தடவை 0, மறுதடவை 1 என்று வந்தால், 0 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுச் செல் 1 காட்டும். எழுதும்போது தேக்கிய மின்னூட்டம்தான் அதை 0 ஆக்குகிறது. அந்த மின்னூட்டம் கசிந்த பிட்தான் இப்படித் தள்ளாடும். சப்ளையை 5 வோல்ட்டிலிருந்து 4.5-க்கு இறக்கிப் படித்தால் பல சமயம் நிலைத்துவிடும்.

எடுத்த பைட்டுகளைக் கட்டளைகளாக மாற்றிப் படிக்க கிட்ரா என்ற சாஃப்ட்வேர் இலவசம், 8085 அதற்குத் தெரியும். ஆனாலும் முதல் ஒரு பக்கத்தைத் தாளில் அச்செடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள், கை பழகும். ரீசெட் ஆனதும் 8085 தொடங்கும் இடம் 0000. அங்கே ஹெக்ஸ் எண்ணில் சி3 என்றால் ஜம்ப், வேறு முகவரிக்குத் தாவு என்ற கட்டளை. அடுத்த இரண்டு பைட் முகவரி, கீழ்ப்பாதி முதலில். பிறகு 3எஃப், 06, 5பி, 4எஃப் என்ற வரிசையைத் தேடுங்கள். ஏழு செக்மென்ட் டிஸ்ப்ளேயில் 0, 1, 2, 3 காட்டும் எண்கள் அவை. உங்கள் கிட்டில் வயரிங் வேறானால் எண்கள் மாறும். அட்டவணை எங்காவது இருக்கும். அதை எடுத்துப் படிக்கிற இடம்தான் டிஸ்ப்ளே ரொட்டீன். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் கீபோர்டும் பிடிபடும்.

மற்ற கிட்டுகள் இன்னும் லேப்பில் இருக்கின்றனவா? ஒரே கம்பெனி, ஒரே மாடலானால் அவற்றின் சிப்புகளையும் படித்துவிடுங்கள். மின்னூட்டம் கசிந்த பிட் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்காது, ஒப்பிட்டால் சரியானது தெரியும். காயலான் கடை வண்டி வருவதற்குள், நாளைக்கே லேப் இன்சார்ஜைப் பாருங்கள்.