சாக்கெட்டில் வரும் பைட்டுகளை அப்படியே ஸ்ட்ரக்டில் கொட்டலாமா?

கேள்வி: ஒரு வெப்பநிலை உணரி டிசிபி (நெட்வொர்க்கில் தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பில் நொடிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. ஆவணப்படி ஒரு செய்தி 9 பைட்: மொத்த நீளம் 2 பைட், வகை 1 பைட், கருவி எண் 4 பைட், வெப்பநிலை 2 பைட் (பத்தால் பெருக்கிய முழு எண், மைனஸும் வரலாம்). சி மொழியில் இதே வரிசையில் ஒரு ஸ்ட்ரக்ட் (பல மாறிகளை ஒன்றாக அடுக்கிவைக்கும் தொகுப்பு) எழுதி, ஒவ்வொரு முறையும் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன் முகவரியையும் சைஸ்ஆஃப் தரும் அளவையும் சாக்கெட்டிலிருந்து (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனை) பைட்டுகளைப் படிக்கும் ரெசீவ் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறேன். நீளம் 2304 என்று வருகிறது. கருவி எண் 1027 வர வேண்டிய இடத்தில் 197632. வெப்பநிலை மட்டும் சரியாக வருகிறது, ஆனால் 25.5-ஐத் தாண்டியதும் பூஜ்யமாகிவிடுகிறது. எப்போதாவது ஒரு வரி முழுக்கக் குப்பையாக வந்து, அப்புறம் தானாகவே சரியாகிறது. உணரி பழுதா?

பதில்: உணரி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதி அனுப்பிய எண்களே எங்கே தவறு என்று துல்லியமாகக் காட்டிவிடுகின்றன, அதனால் முதலில் அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். உங்கள் நிரலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது வேறு வேஷத்தில் வரும்.

25.1 டிகிரி இருக்கும்போது கம்பியில் வரும் 9 பைட்டுகள் இவைதான்: 0, 9, 1, 0, 0, 4, 3, 0, 251.

முதல் இரண்டு பைட் நீளம். இணைய நெறிமுறைகளில் எண்ணின் பெரிய பகுதியை முதலில் அனுப்புவதே வழக்கம், 1981-இல் வந்த ஐபி ஆவணமே (ஆர்எஃப்சி 791) அப்படித்தான் சொல்கிறது. உங்கள் உணரியும் அதைத்தான் பின்பற்றுகிறது: 0 × 256 + 9 = 9. ஆனால் உங்கள் கணினி சிறிய பகுதி முதலில் இருக்கும் என்று நினைத்துப் படிக்கிறது, இன்டெல் வகைச் சிப்கள் எல்லாமே அப்படித்தான். அதற்கு இது 9 × 256 + 0, அதாவது 2304. இது பைட் வரிசைக் கோளாறு.

கருவி எண்ணில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமான கணினிகளில் கம்பைலர், 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடும் முகவரியில்தான் வைக்கும். உங்கள் ஸ்ட்ரக்டில் நீளமும் வகையும் சேர்ந்து 3 பைட்தான் ஆகிறது, எனவே கம்பைலர் நடுவில் ஒரு வெற்றுப் பைட்டைச் செருகிவிட்டுக் கருவி எண்ணை 4-ஆவது இடத்திலிருந்து (0-விலிருந்து எண்ணினால்) தொடங்குகிறது. கடைசியிலும் இரண்டு வெற்றுப் பைட் சேரும். சைஸ்ஆஃப் என்ன தருகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள், 9 வராது, 12 வரும். ஆகவே கருவி எண்ணாக நீங்கள் படிப்பது 0, 4, 3, 0 என்ற தவறான நான்கு பைட்டை, அதையும் தலைகீழாக: 4 × 256 + 3 × 65536 = 197632.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம், எனக்கு இதில் மிகவும் கவலை தந்த இடம் இதுதான். கம்பியில் அது 7, 8-ஆம் இடங்களில் இருக்கிறது. உங்கள் ஸ்ட்ரக்டோ 8, 9-ஆம் இடங்களைப் படிக்கிறது. 8-இல் இருப்பது 251. 9-இல் நீங்கள் ஏற்கெனவே போட்டுவைத்த பூஜ்யம். தலைகீழாகப் படித்தால் 251 + 0 × 256 = 251. இடமும் தவறு, வரிசையும் தவறு, விடை மட்டும் சரி! இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. 25.6 டிகிரி என்றால் மதிப்பு 256, பைட்டுகள் 1, 0. நீங்கள் பார்ப்பது அந்தக் கடைசிப் பைட்டை மட்டும்தான் என்பதால் பூஜ்யம் தெரிகிறது. இதைவிட ஆபத்தானது, −0.5 டிகிரி வந்தாலும் உங்கள் திரையில் 25.1 என்றுதான் காட்டும், ஏனென்றால் −5-இன் பைட்டுகள் 255, 251. உறைநிலைக்குக் கீழே போனதை யாருமே கவனிக்க மாட்டார்கள்.

மூன்றாவது கோளாறுதான் அந்தக் குப்பை வரி. டிசிபிக்குச் செய்தி என்ற ஒன்றே தெரியாது, அதற்குத் தெரிந்தது அறுபடாத பைட் வரிசை மட்டும். அனுப்பியவர் 9, 9-ஆக அனுப்பினாலும் உங்களுக்கு 18 மொத்தமாக வரலாம், 4 வந்து பிறகு 5 வரலாம். உங்கள் நிரல் கொஞ்சம் தாமதித்து இரண்டு செய்திகள் சேர்ந்துவிட்டால், 12 கேட்ட உங்களுக்கு முதல் செய்தி முழுதும் அடுத்ததின் 3 பைட்டும் வந்துவிடும். அடுத்த முறை மீதி 6 பைட், அதாவது 0, 0, 4, 3, 0, 251. அதை ஸ்ட்ரக்டாகப் பார்த்தால் நீளம் 0, வகை 4, கருவி எண் 64256, வெப்பநிலை 0. உங்கள் குப்பை வரியில் இதேபோல எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குள் சேர்ந்ததெல்லாம் தீர்ந்துவிடுவதால் மறுபடி சரியாகிறது. அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் ஒரே கணினியில் ஓடும்போது இது பெரும்பாலும் தலைகாட்டாது, அதனால்தான் பலர் சோதித்தாயிற்று என்று நம்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, எப்படி எழுத வேண்டும்? வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் ஒரு முழுச் செய்தியைச் சேகரிப்பது, அப்புறம்தான் அதைப் பிரித்து மாறிகளில் போடுவது. சேகரிக்கும் பகுதிக்கு எண்ணின் அர்த்தம் தெரியவே கூடாது, பிரிக்கும் பகுதிக்குச் சாக்கெட் இருப்பதே தெரியக் கூடாது.

சேகரிக்க, "சரியாக இத்தனை பைட் வரும்வரை படி" என்று ஒரு சிறு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு லூப், ஒவ்வொரு சுற்றிலும் ரெசீவ் திருப்பித் தரும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், இன்னும் வேண்டியதை மட்டும் கேட்பது. திரும்பியது 0 என்றால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள், அதைக் "தரவு இன்னும் வரவில்லை" என்று எடுத்துக்கொண்டால் லூப் நிற்காமல் சுற்றும். −1 வந்தால் பிழை. சிக்னல் குறுக்கிட்டதால் வந்த பிழை மட்டும் என்றால் மறுபடி கேட்கலாம், மற்றவற்றில் வெளியேறுங்கள். இந்த ஃபங்ஷனால் முதலில் 2 பைட் படித்து நீளத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள். நடுவில் ஒரு சோதனை கட்டாயம்: நீளம் 9-க்குக் குறைவாகவோ உங்கள் பஃபரைவிட (வரும் பைட்டுகளைச் சேர்த்துவைக்கும் நினைவக இடம்) பெரிதாகவோ இருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நெட்வொர்க்கில் வந்த ஒரு எண்ணை நம்பி அத்தனை பைட்டைப் பஃபரில் எழுதுவது, பாதுகாப்பு ஓட்டைகள் உருவாகும் மிகப் பழைய வழி.

பிரிப்பதை ஒவ்வொரு புலமாகக் கையால் செய்யுங்கள். முழுச் செய்தியும் "தரவு" என்ற குறியில்லா (மைனஸ் வராத, 0 முதல் 255 வரை) பைட் அணியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

நீளம் = தரவு[0] × 256 + தரவு[1]
வகை = தரவு[2]
கருவி எண் = தரவு[3] × 16777216 + தரவு[4] × 65536 + தரவு[5] × 256 + தரவு[6]
வெப்பநிலை = தரவு[7] × 256 + தரவு[8]; இது 32768 அல்லது அதற்கு மேல் என்றால் 65536-ஐக் கழிக்கவும்

எந்தச் சிப்பில் ஓடினாலும் இது ஒரே விடையைத்தான் தரும், உங்கள் கணினியின் பைட் வரிசை எது என்ற கேள்வியே எழாது. கருவி எண் வரியில் மட்டும், பெருக்குவதற்கு முன்பே பைட்டை 32 பிட் குறியில்லா எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெரிய மதிப்புகளில் சாதாரண இன்ட் வழிந்துவிடும். சாதாரண ஸ்ட்ரக்ட் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த விடைகளை அதில் நிரப்புவதில் தவறே இல்லை.

ஸ்ட்ரக்டை இடைவெளியில்லாமல் பேக் செய்யும் பிராக்மா (கம்பைலருக்கான கட்டளை) போட்டால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். அது வெற்றுப் பைட்டுகளை நீக்கும், ஆனால் பைட் வரிசையை மாற்றாது. உங்கள் நிலையில் அதை மட்டும் செய்தால் 25.1 டிகிரி −128 டிகிரியாகிவிடும்! நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பைத்தானுக்கு மாறினாலும் இதே பள்ளம் காத்திருக்கிறது. ஸ்ட்ரக்ட் தொகுப்பின் அன்பேக்குக்குக் கொடுக்கும் வடிவச் சரத்தின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் நெட்வொர்க் வரிசை, வெற்றுப் பைட் கிடையாது, 9 பைட். அதை விட்டுவிட்டால் கணினியின் சொந்த வரிசையும் இடைவெளியும் சேர்ந்து 10 பைட் கேட்கும். ஜாவாவின் பைட்பஃபர் இயல்பாகவே பெரிய பகுதி முதலில் என்று படிக்கும், சி ஷார்ப்பின் பிட்கன்வெர்ட்டர் கணினியின் வரிசையில் படிக்கும். பின்னால் செய்தியில் பெயர் போன்ற உரை சேர்ந்தால், முழுச் செய்தியும் கைக்கு வந்த பிறகே யுடிஎஃப்-8-ஐ (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) பிரியுங்கள்; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதில் 3 பைட், பாதியில் வெட்டினால் எழுத்து உடையும். ஜேசான், புரோட்டோபஃப் என்று எந்தத் தரவு வடிவத்துக்குப் போனாலும் டிசிபியில் செய்தி எங்கே முடிகிறது என்று நீங்கள்தான் குறித்தாக வேண்டும்.

பிரிக்கும் ஃபங்ஷனைச் சோதிக்க உணரி தேவையில்லை. மேலே உள்ள 9 எண்களை ஒரு அணியில் எழுதிக் கொடுங்கள். 9, 1, 1027, 251 வர வேண்டும். கடைசி இரண்டை 1, 0 ஆக்கினால் 256, 255, 251 ஆக்கினால் −5. சேகரிக்கும் ஃபங்ஷனுக்கு, ஒரு சிறு நிரலால் பைட் பைட்டாக இடைவெளிவிட்டு அனுப்பியும், மூன்று செய்திகளை ஒட்டி ஒரே மூச்சில் அனுப்பியும், நடுச்செய்தியில் இணைப்பை மூடியும் பாருங்கள்.