ஊற வைக்க மறந்த வீட்டுக்கு மூன்று நாள் பிளம் கேக்

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார் செப்டம்பரிலேயே கண்ணாடி ஜாடியில் பழங்களை ரம்மில் ஊறப் போட்டுவிடுவார். இந்த ஆண்டு அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. எனக்கும் நினைவு வரவில்லை. இன்று டிசம்பர் 20. வீட்டில் ஓவன் கிடையாது, ஐந்து லிட்டர் குக்கர்தான் இருக்கிறது. குழந்தைகள் சாப்பிடுவதால் மது சேர்க்கவும் விருப்பமில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘ஓராண்டு ஊறிய பழம்’ என்று கிலோ 1,400 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? எளிய வழி ஏதும் உண்டா? போன முறை நான் செய்தபோது பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் என்ன போடுவது என்பதையும் சொல்லுங்கள். (வாசகி, மதுரை)

பதில்: வாங்காதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், செய்முறை பிறகு வரட்டும்.

நாகர்கோவில் பக்கத்து பேக்கரி ஒன்றில் முப்பது டிசம்பர்கள் அடுப்படியில் நின்றவன் நான். ஒரு பழம் ஓராண்டு ஊறியதா, நேற்று இரவு சீனிப்பாகில் போட்டு ரம் எசென்ஸ் நாலு சொட்டு விட்டதா என்பதைக் கேக்குக்குள் போன பிறகு என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களால் எப்படி முடியும்? ஒருமுறை எங்களுக்கே ஓர் இடைத்தரகர் இப்படி வாளி வாளியாகக் கொண்டுவந்து இறக்கினார். மூடியைத் திறந்தால் மணம் ஊரைத் தூக்கியது. கழுவிப் பார்த்தபோது மணம் தண்ணீரோடு போய்விட்டது. மிஞ்சியது பழைய சரக்கு, அதுவும் சுருங்கிய திராட்சை. பணம் திரும்பி வரவில்லை. அந்த ஆளும்தான்.

அப்படி விற்பவரிடம் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் செய்து விற்பவருக்கும் அது வேண்டும். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடு பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில்தான் அவர்களுக்குக் கேக் கடைகள் கண்ணில் படும். மாதிரி எடுத்து அனுப்பினால் ஆய்வறிக்கை தரச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் 14 நாள். 20ஆம் தேதி எடுத்த மாதிரியின் முடிவு ஜனவரி பிறந்து வரும். கேக் வயிற்றில் செரித்து, புத்தாண்டும் முடிந்திருக்கும். இந்த வேலையை அக்டோபரில் செய்தால் என்ன என்று பல ஆண்டுகளாகக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

இனி உங்கள் கவலைக்கு வருவோம். ஊற வைக்காவிட்டால் அது பிளம் கேக் ஆகுமா என்பதுதானே உள்ளே அரிப்பது? ஆகும். ‘பிளம்’ என்று பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையைத்தான் சொன்னார்கள். பிளம்ஸ் பழத்துக்கும் இந்தக் கேக்குக்கும் சம்பந்தமே இல்லை. நம் பக்கத்தில் இதற்குப் பிறந்த ஊர் என்று எல்லோரும் காட்டுவது கேரளத்துத் தலைச்சேரி. 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் அதைச் சுவைத்துப் பார்த்துச் செய்து கொடுத்தார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. துரை சொன்ன பிராந்திக்குப் பதில் பாப்பு உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றினார் என்றும் சொல்வார்கள். ஆக, முதல் கேக்கே கையில் இருந்ததை வைத்துச் செய்ததுதான். நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஊறல் செய்கிற வேலை இரண்டு. காய்ந்த பழத்துக்குள் ஈரம் ஏற்றுவது ஒன்று. அதைக் கெடாமல் காப்பது இன்னொன்று. முதல் வேலையை அடுப்பு பத்து நிமிடத்தில் செய்துவிடும். இரண்டாவதை அடுப்பு செய்யாது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஐந்து லிட்டர் குக்கருக்குள் ஆறு அங்குல வட்ட டின் உட்காரும், அதற்கான அளவைச் சொல்கிறேன். கறுப்பு உலர்திராட்சை 75 கிராம், மஞ்சள் கிஸ்மிஸ் 50 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 75 கிராம். மஞ்சள் கிஸ்மிஸின் நிறம் மங்காமலிருக்கக் கந்தகப் புகை காட்டுவது வழக்கம், அதனால் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் இருமுறை அலசுங்கள். திராட்சை அளவுக்குப் பொடியாக நறுக்கி, 100 மில்லி ஆரஞ்சுச் சாறு, சிறு துண்டு பட்டை, ஒரு கிராம்பு சேர்த்து இளந்தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சாறு வற்றிப் பழம் பளபளவென்று உப்பி வரும். இறக்கி மூடிவைத்து இரவு முழுக்க ஆற விடுங்கள். சூடான பழத்தை மாவில் கொட்டினால் வெண்ணெய் உருகி எல்லாம் கெட்டுவிடும். சாறு வீட்டில் பிழிந்ததாக இருந்தால் நல்லது. டப்பா சாறு என்றால் சீனி சேர்க்காததாகப் பாருங்கள். பிழிவதற்கு முன் தோலின் மேல் ஆரஞ்சு நிறத்தை மட்டும் அரை டீஸ்பூன் சீவி வைத்துக்கொள்ளுங்கள். மணம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கொதிக்க வைக்கக் கூடாது. டூட்டி ஃப்ரூட்டி. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது பழமே அல்ல என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பச்சைப் பப்பாளிக்காயைக் கட்டங்கட்டமாக வெட்டி, சீனிப்பாகில் ஊற வைத்துச் சாயம் ஏற்றியது. சாற்றில் போட்டுக் கொதிக்க வைத்தால் சிவப்பும் பச்சையும் கலந்து சாறு சேற்று நிறத்துக்கு வரும், அந்தச் சேறு திராட்சையிலும் ஏறும். செர்ரி என்று கண்ணாடிப் புட்டியில் சிவக்கச் சிவக்க இருப்பதும் பெரும்பாலும் செர்ரி இல்லை, நம் காட்டுக் களாக்காய். களாக்காய் நல்ல காய்தான், ஊறுகாய்க்கு அதை அடிக்க ஆளில்லை. செர்ரி விலை சொல்லி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ‘மிக்ஸ்டு ஃப்ரூட்’ என்று எடை போட்டு விற்கும் பொட்டலத்தில் முக்கால்வாசி இந்தப் பப்பாளியாகவே இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் மொத்த வியாபாரியைக் கை காட்டுவார், அவர் இன்னொருவரைக் கை காட்டுவார். குழந்தைகள் வண்ணம் கேட்டால் இரண்டு மேசைக்கரண்டி வாங்கி, அலசி, துணியில் ஒற்றி, கடைசியில் மாவோடு போடுங்கள். கொதிக்கிற சாற்றில் மட்டும் வேண்டாம். இஞ்சி முரப்பா போட்டாலும் அப்படியே, கடைசியில்தான்.

அடுத்து கருக்கிய சீனி. பிளம் கேக்கின் கறுப்பு இதிலிருந்துதான் வர வேண்டும், கோகோவிலிருந்தோ புட்டி நிறத்திலிருந்தோ அல்ல. அடி கனத்த பாத்திரத்தில் 50 கிராம் சீனியை நீர் விடாமல் உருக்குங்கள். பொன்னிறம் வந்ததும் பயந்து இறக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. பழைய தேக்குக் கதவின் நிறம் வந்து, லேசாகப் புகை எழும்பும் வரை பொறுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று, 50 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், குழந்தைகளைச் சமையலறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். கட்டி தட்டினால் மறுபடி சிறுதீயில் கரைத்து ஆற வையுங்கள்.

உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமையும் நாட்டுச்சர்க்கரை 80 கிராமையும் நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். முட்டை இரண்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்தது, ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்ததுபோல் ஆனால் பதறாமல் ஒரு கரண்டி மைதாவைப் போடுங்கள், சேர்ந்துவிடும். பிறகு ஆறிய கருக்கிய சீனி, சீவிய தோல். மைதா 100 கிராம் (பழத்தில் புரட்ட இதிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து வையுங்கள்), பேக்கிங் பவுடர் தலைதட்டி அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, பட்டையும் சாதிக்காயும் சுக்கும் சேர்த்துப் பொடித்தது அரை டீஸ்பூன், எல்லாம் சலித்துச் சேர்த்து மெதுவாகப் புரட்டுங்கள். மைதா போட்ட பிறகு அடிக்கக் கூடாது, கேக் ரப்பராகிவிடும்.

பேக்கிங் பவுடர் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. மளிகைக் கடையில் கவரில் கட்டித் தொங்கவிட்டதை வாங்காதீர்கள். அதில் தேதி இருக்காது. கடைகளில் உதிரியாக விற்கும் இனிப்புகளை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபரிலேயே விதி வந்துவிட்டது. விதி சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருக்கிறது. பேக்கிங் பவுடரைப் பொட்டலம் கட்டுகிறவர் அந்தக் காகிதத்தைக்கூடப் பார்த்ததில்லை. வாங்கியது எதுவானாலும் அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதில் அதே அளவு சமையல் சோடாவைப் போட்டால் கேக் சோப்பு வாசம் அடிக்கும்.

இப்போது உங்கள் அடியில் உட்கார்ந்த பழம். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: துண்டு பெரிதாக இருந்திருக்கும், ஈரம் சொட்டியிருக்கும், அல்லது மாவு தோசை மாவுபோல் ஓடியிருக்கும். பழத்தை வடிகட்டி, எடுத்து வைத்த ஒரு மேசைக்கரண்டி மைதாவைப் போட்டுப் புரட்டி, மாவில் கலந்துவிடுங்கள். மாவு கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழ வேண்டும். இட்லி மாவைவிட ஒரு படி கெட்டி. முந்திரி உடைத்தது 30 கிராமும் இதோடு. பேக்கிங் பவுடரைக் கூடுதலாகப் போட்டால் கேக் உயரும் என்று நினைக்காதீர்கள். வேகமாக எழும்பி, பழத்தைத் தாங்க முடியாமல் நடுவில் குழியும்.

குக்கருக்கு வருவோம். உள்ளே ஓர் அங்குல உயரம் சுத்தமான மணல் அல்லது கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வையுங்கள். மூடியிலிருந்து கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். கழற்றிவிட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் வெறுமையாகச் சூடாக்கி, டின்னை உள்ளே வைத்து, சின்ன பர்னரில் தீயை முடிந்த அளவு குறைத்துவிடுங்கள். 50 நிமிடம் முதல் 70 நிமிடம் வரை ஆகும். முதல் 40 நிமிடம் மூடியைத் தொடக் கூடாது. பிறகு நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது. மேலே நிறம் வெளிறியே இருக்கும், ஏனென்றால் குக்கரில் மேலிருந்து சூடு வராது. கவிழ்த்து வைத்துவிட்டால் போயிற்று. தண்ணீர் இல்லாமல் சூடாக்குவதால் பாத்திரத்துக்குக் கேடுதான். புதுக் குக்கரையோ நான்-ஸ்டிக்கையோ இதற்கு எடுக்காதீர்கள்.

ஓவன் கிடைக்கிற அக்கம்பக்கத்து வீடு இருந்தால் 160 டிகிரி, அதே ஆறு அங்குல டின், 55 நிமிடத்துக்குப் பிறகு பார்க்கத் தொடங்குங்கள்.

22ஆம் தேதி மாலை பழத்தைக் கொதிக்க வைத்து, 23 காலையில் சுட்டு, நன்றாக ஆறியதும் சுற்றி வைத்து, 24 இரவு பூசைக்குப் போய் வந்து வெட்டுங்கள். அன்றே சூட்டோடு வெட்டினால் உதிரும், மசாலாவும் தனித்து நிற்கும். ஒரு நாள் பொறுத்தால் இறங்கிச் சேர்ந்துவிடும்.

மேலே சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. மது ஊறிய கேக் மாதக் கணக்கில் இருக்கும். சாற்றில் செய்த உங்கள் கேக் மூன்று நாள் வெளியே, ஒரு வாரம் பத்து நாள் குளிர்சாதனப் பெட்டியில். அதற்கு மேல் பூசணம் பிடிக்கும். சுட்ட கேக்கின் மேல் ஈரத்துக்காகப் பழச்சாறு தடவச் சொல்வார்கள். வேண்டாம், பூசணத்துக்கு விருந்து வைப்பதுபோல் ஆகும். ‘மது இல்லை, மூன்று மாதம் கெடாது’ என்று யாராவது விற்றால் அதில் கெடாமலிருக்க என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். மாமியாரின் பழைய ஜாடியில் போன ஆண்டின் மிச்சம் இருந்தால், ரம் மேலே நிற்கிறதா, வாசம் சரியாக இருக்கிறதா என்று அவரிடமே காட்டிக் கேளுங்கள். படுக்கையிலிருந்தே சொல்லிவிடுவார்.

டின்னுக்குப் பட்டர் பேப்பர் கிடைக்காவிட்டால் உள்ளே நெய் தடவி மைதா தூவித் தட்டிவிட்டால் போதும். செய்தித்தாளை வெட்டிப் போடுவார்கள், அந்த அச்சு மை கேக்கில் இறங்கும். தலையங்கம் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது வேண்டாம்.