ஜோ டேவிஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: முதல் உலக ஸ்னூக்கர் சாம்பியன் ஜோ டேவிஸுக்கு எவ்வளவு பரிசு கிடைத்தது ஐயா?

பதில்: ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். 1927 மே மாதம் பர்மிங்காமில் டாம் டென்னிஸை 20-11 என்ற ஆட்டக் கணக்கில் வென்றார். நுழைவுக் கட்டணத்தில் பாதியை எடுத்துத்தான் கோப்பையே வாங்கினார்கள். இன்றைய சாம்பியன்கள் தூக்கிக் காட்டுவதும் அதே கோப்பைதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கேள்வி: பில்லியர்ட்ஸில் பெயர் பெற்றவர், ஏன் ஸ்னூக்கர் பக்கம் வந்தார்?

பதில்: பில்லியர்ட்ஸில் அவர் நான்கு முறை உலகச் சாம்பியன். ஆனால் அந்த ஆட்டத்தை அதன் மேதைகளே கொன்றுவிட்டார்கள் என்பேன். 1932 ஜனவரியில் லண்டன் தர்ஸ்டன்ஸ் அரங்கில் ஆஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம் ஒரே பிரேக்கில், அதாவது இடையில் தவறாமல் தொடர்ந்து ஆடிய ஒரே முறையில், 4137 புள்ளிகள் எடுத்தார். எதிராளியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டேவிஸ்தான். பில்லியர்ட்ஸில் மொத்தமே மூன்று பந்துகள்தான்; அவற்றை மேசை விளிம்போரமாக ஒன்றுசேர்த்து, விரல்கடை தூரம்கூட விலகாமல் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். கேலரியில் இருப்பவருக்கு ஆடுபவரின் முதுகுதான் தெரியும். எத்தனை நாள் டிக்கெட் வாங்குவார்கள்? ஸ்னூக்கரிலோ பந்து குழியில் விழுவதைக் கடைசி வரிசையில் இருப்பவரும் பார்க்கலாம். டேவிஸ் அதை எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டார்.

கேள்வி: அவருக்குக் கண்பார்வைக் குறை உண்டாமே?

பதில்: ஆம், வலது கண் மங்கல். அதனால் பந்தைத் தட்டும் கோலான கியூவை மோவாயின் நடுவில் வைக்காமல் இடது கண்ணுக்கு நேராக வைத்துக் குறிபார்த்தார்.

கேள்வி: ஸ்னூக்கரில் ஒரே பிரேக்கின் உச்ச அளவான 147 புள்ளிகளை அவர் எடுத்தாரா?

பதில்: எடுத்தார். 1955 ஜனவரி 22, லெஸ்டர் ஸ்கொயர் அரங்கம், எதிரில் வில்லி ஸ்மித். பதினைந்து சிவப்புக்கும் பதினைந்து முறை கறுப்பு, பிறகு ஆறு வண்ணப் பந்துகள். நிர்வாக அமைப்பு விதியைக் காட்டி மறுத்தது, 1957இல்தான் அங்கீகரித்தது. அந்தத் தாமதம் அநியாயம்.

கேள்வி: அவரை யாருமே தோற்கடிக்கவில்லையா?

பதில்: உலகப் போட்டியில் எவரும் இல்லை. 1927 முதல் 1946 வரை பதினைந்து பட்டங்கள் வென்று, தோல்வியே காணாமல் அதிலிருந்து விலகினார். மற்றப் போட்டிகளில் தொடர்ந்து ஆடியதால், அவர் இல்லாத உலகப் பட்டத்தின் மதிப்பு சரிந்தது. அது அவர்மேல் எனக்குள்ள ஒரே வருத்தம். புள்ளிச் சலுகை இல்லாத ஆட்டங்களில் அவரை வென்றவர் தம்பி ஃபிரெட் மட்டுமே.

கேள்வி: கடைசிக் காலம்?

பதில்: 1978இல் ஷெஃபீல்டில் 64 வயதுத் தம்பி அரையிறுதி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஜோ மயங்கிச் சரிந்தார். ஜூலையில் காலமானார்.